நாலாவது கேஸ்கெட்

அண்ணன் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. காலை பத்தரை மணிக்கு அண்ணி அவருடைய காரை ஓட்டிக்கொண்டு தம்பியின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தாள். வாசலிலேயே வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாம் தடவை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தபடியே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். காலை எடுத்த மாத்திரத்தில் என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது.

தம்பிக்கு ஐம்பத்தோரு வயது. அந்தத் தெருவில் அவரை ‘காது’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். அவர் மனைவிக்கு மட்டும் அதைக் கேட்டால் சிரிப்பு வரும். வீட்டில் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு நல்ல பெயராகப் பார்த்து வைத்தார்கள் என்பாள்.

இந்தப் பதினேழு நாளாக அவள் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. ராத்திரி தூங்காமலும் சோற்றைப் பெயருக்குக் கொறித்தும் அவர் இருந்ததில், அவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்கோ ஒன்றும் ஆனதாகவே தெரியவில்லை. அதுதான் அவருக்கே பிடிபடாத விஷயம். பஸ் டிப்போ ஸ்டோரில் அண்ணன் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தபோது காது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். “சரி” என்றார். கையிலிருந்த போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். போனார், தூக்கினார், சுமந்தார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கல்லு மாதிரி நிற்கிறான் பார் என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை, கண்ணீர் எங்கிருந்து வரும் என்று இன்னொருவர் சொன்னதும் விழுந்தது. இரண்டுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு சொந்தக் கன்னத்தைத் தொட்டால் எவருடையதோ போலத் தோன்றுமே, அப்படி இருந்தது. மறுநாளே ஷெட்டைத் திறந்துவிட்டார்.

அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது, கார் இல்லாமல் முடியாது என்றாள். முதலில் வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனதாகவும், அவன் என்ஜினையே கீழே இறக்க வேண்டும் என்று சொன்னதாகவும், அதனால்தான் இங்கே வந்ததாகவும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். காது தலையை ஆட்டினார்.

திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார். நின்ற இடத்தில் ஓடுகிற ஐடிலிங் வேகம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பக்கத்து ஷெட் வெல்டர் எட்டிப் பார்த்து, இந்த வண்டியில் ஒரு சுற்றுப் போய்வந்தால் சிறுநீரகக் கல் தானாக விழுந்துவிடும் என்றார். அண்ணி லேசாகச் சிரித்தாள். காதும் சிரிப்பதுபோல் வாயை விரித்தார். யாருடைய வண்டி என்று அப்புறம்தான் வெல்டருக்கு உறைத்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எல்லாச் சத்தத்துக்கும் அடியில், என்ஜினின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ‘உஸ்’ ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையால் தேடினார். இந்த மாதிரி என்ஜினுக்குள் காற்று அளந்துதான் போக வேண்டும். மேனிஃபோல்டு என்கிற நாலு கிளைக் குழாய் அதை நாலு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். அது என்ஜினோடு சேருகிற இடத்தில் வாய்க்கு ஒன்றாக நாலு ரப்பர் கேஸ்கெட் உண்டு. அதில் ஒன்று பிசகினாலும் போதும், கணக்கில் வராத காற்று அந்தச் சந்தில் புகுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். ‘ஏர் இழுக்குது’ என்பார்கள். நிச்சயப்படுத்திக்கொள்ள, கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொரு வாயின் ஓரத்திலும் ஒரு சொட்டு அடித்துப் பார்த்தார். முதல் மூன்றில் மாற்றமில்லை. நாலாவதில் அடித்ததும் என்ஜின் திடீரென்று மூச்சு வந்ததுபோல் ஏறி, இரண்டு நொடி நன்றாக ஓடி, மறுபடியும் தள்ளாடியது.

“ஏர் இழுக்குது அண்ணி. கேஸ்கெட்தான். என்ஜினை எறக்க வேண்டாம். சூடு ஆறட்டும், இன்னைக்கே முடிச்சுடலாம்” என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பெரிசிலிருந்து சிறிசு வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன் செய்து புது கேஸ்கெட் வரவழைத்தார். என்ஜின் ஆறியதும் பேட்டரியைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் கட்டினார். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. பெட்ரோல் குழாயையும் விலக்கிய பிறகு மேனிஃபோல்டின் போல்ட்கள் தெரிந்தன.

அங்கேதான் அவர் கை நின்றது.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளை பெயின்ட் இருந்தது. முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக வெள்ளைப் புள்ளி வைப்பது அண்ணனின் வழக்கம். குண்டூசித் தலை அளவுக்கு, அச்சில் வார்த்ததுபோல ஒரே சீராக வைப்பார். அண்ணன் கை, தம்பி காது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். தம்பி கேட்டுச் சொல்வார், அண்ணன் பிரித்துச் சேர்ப்பார். பத்தொன்பது வருஷம் இதே ஷெட் அப்படித்தான் ஓடியது. இந்த ஏழு போல்ட்களிலும் புள்ளி இல்லை. கோடு கோடாக இழுபட்டிருந்தது. ஒன்றில் பெயின்ட் தலையைத் தாண்டி அலுமினியத்தில் தாறுமாறாக வழிந்திருந்தது.

“இதுல யாரு கை வெச்சது?” என்று கேட்டார்.

“அவர்தான். மூணு நாள் லீவு போட்டுட்டுப் பண்ணாரு. பக்கத்துல யாரையும் விடல. அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமாச்சு.”

காது போல்ட்களைக் கழற்றினார். மேனிஃபோல்டை அசைத்து வெளியே எடுத்துப் பெஞ்சில் கவிழ்த்தார். மூன்று கேஸ்கெட்டும் புத்தம் புதிது, பள்ளத்தில் பதிந்து உட்கார்ந்திருந்தன. நாலாவதும் புதிதுதான். ஆனால் பள்ளத்தை விட்டு நழுவி, இரண்டு உலோகத்துக்கும் நடுவே நசுங்கி அறுந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு பேஸ்ட் அப்பியிருந்தது. அந்த மாதிரி பேஸ்ட் அப்புகிறவர்களைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. வேலை தெரியாதவன் பூசுகிற சாந்து என்பார்.

என்ன நடந்திருக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மேனிஃபோல்டை இரண்டு கையாலும் தூக்கி, ஆடாமல் அசையாமல் நேராக உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் நழுவும். நழுவியது அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். திரும்ப வெளியே எடுத்து, திரும்ப விட்டு, அது திரும்ப நழுவி, கடைசியில் பேஸ்ட்டை எடுத்திருக்கிறார். மூன்று நாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் அது நடந்தது. அண்ணன் ஒரு போல்ட்டை உள்ளே ஒடித்துவிட்டார். அந்த மாதத்தில் அது மூன்றாவது. வண்டிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். “உனக்குக் கை போயிருச்சு. ஓரமா உக்காரு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அண்ணன் ஸ்பேனரைத் துடைத்து அதனிடத்தில் மாட்டினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், நகக்கண் வரைக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு போனவர் அப்புறம் ஷெட் பக்கம் வரவே இல்லை. அடுத்த மாதம் டிப்போவில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தார் என்று வெல்டர் மூலமாகத்தான் தெரிந்தது. நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதில் ஆறு வருஷம் ஓடிவிட்டது.

என்ஜினின் நாலு வாய்க்குள்ளும் சுத்தமான துணியைத் திணித்தார். பேஸ்ட் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தாலும் வம்பு. பிளாஸ்டிக் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட ஆரம்பித்தார். பின்பக்கம் வெளிச்சம் போதவில்லை. அண்ணி கேட்காமலே எழுந்து வந்து டார்ச்சைப் பிடித்தாள்.

“கை நடுங்குனது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?” என்று சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“தெரியாமலா? சிந்தக் கூடாதுன்னு டம்ளர்ல பாதிதான் ஊத்துவேன். பாதி போதும்னுதான் நான் அப்படி ஊத்தறேன்னு அவரு நினைச்சுக்குவாரு. இல்லேன்னா நினைச்ச மாதிரி இருந்துக்குவாரு.”

“நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு…”

“அதுவும் தெரியும்.”

அவர் சுரண்டியைத் துடைத்தார். கறுப்புத் துணுக்குகள் துணியில் புழு மாதிரி ஒட்டின.

“அவரு உங்களப் பத்திப் பேசினதே இல்ல தம்பி” என்றாள் அண்ணி. “நல்லதாவும் பேசல, கெட்டதாவும் பேசல. நீங்க கேக்கலாம்னு நினைச்சீங்கன்னா, சொல்ல அவ்வளவுதான் இருக்கு.”

இது வலிக்கும் என்று அவர் காத்திருந்தார். சூடான இரும்பைத் தொட்டுவிட்டு, எரிச்சல் வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கும் அல்லவா, அந்த நொடி அப்படியே நீண்டுகொண்டே போனது. எரிச்சல் வரவில்லை.

“நான் சொன்னது தப்பு” என்றார். பத்திரிகையில் எதையோ வாசிப்பதுபோல அவர் குரல் அவருக்கே கேட்டது.

“தப்புதான்” என்றாள் அண்ணி. டார்ச் இம்மியும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “எனக்கும் அழுகை வரல. எல்லாரும் வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறாங்க. தண்ணி கொதிக்குதான்னு பாத்திரத்தைத் தொறந்து தொறந்து பாக்கற மாதிரி. ஆஸ்பத்திரியில போயி படம் எடுக்கறேன், மூச்சை அடக்குங்க, விடுங்கன்னு சொல்றேன். அது மட்டும் சரியா இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான்” என்றார் அவர்.

சுரண்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நேர்ச் சட்டத்தை வைத்து, மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நாலு புதுக் கேஸ்கெட்டையும் பள்ளத்தில் விரலால் அழுத்தி உட்கார வைத்தார். வாய்களிலிருந்து துணியை எடுத்து, எண்ணிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு மேனிஃபோல்டைத் தூக்கி நேராக உள்ளே விட்டார். ஒரே தடவையில் போய் உட்கார்ந்தது. அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. இத்தனை சுலபமாக உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

“இப்படித்தானா?” என்றாள் அண்ணி.

“இப்படித்தான்.”

நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமுமாக, முதலில் லேசாக, பிறகு அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும்வரை முடுக்கினார். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டினார். ஒயர், பெட்ரோல் குழாய், காற்றுக் குழாய், பேட்டரி. அண்ணி சாவியைத் திருப்பினாள். என்ஜின் பிடித்தது, கொஞ்சம் ஏறியது, இறங்கி ஓரிடத்தில் நின்றது. அவர் ரப்பர் குழாயை நாலு வாயின் ஓரத்திலும் வைத்துக் கேட்டார். பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார். அதிர்வே இல்லை.

அண்ணி அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு சுற்று ஓட்டினாள். மேட்டில் ஏற்றினாள், சந்தில் திருப்பினாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை வந்தது. “நிக்கல” என்றாள். ஷெட் வாசலில் அவரை இறக்கிவிடும்போது, வீட்டில் அண்ணனுடைய சாமான் மூன்று பெட்டி கிடக்கிறது, எது என்ன என்று தனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனார். சாவன்று கூட்டத்தில் எதுவும் கண்ணில் படவில்லை; அண்ணன் வீட்டின் கூடத்தை நிதானமாகப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சோபா மாறியிருந்தது, ஜன்னல் திரை மாறியிருந்தது. பெட்டிகளை நடுக்கூடத்தில் கவிழ்த்து, டிப்போவுக்குத் திருப்ப வேண்டியதை ஒரு பக்கம், வீட்டுக்குத் தேவைப்படுவதை ஒரு பக்கம், எதற்கும் உதவாததை ஒரு பக்கம் என்று பிரித்தார். இது எதுக்கு, அது எதுக்கு என்று அண்ணி கேட்டாள். அவர் சொன்னார், அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பதினோரு மணிக்கு முடிந்துவிட்டது. இடுப்புப் பிடித்துக்கொண்டதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெறும் தரை சில்லென்று இருந்தது. சற்றே சரிந்தார்.

விழித்தபோது மணி நாலு. தரையின் கோடுகள் கன்னத்தில் பதிந்திருந்தன. தலைக்குப் பக்கத்தில் ஒரு தலையணை இருந்தது, தலைக்கு அடியில் இல்லை. எழுந்துவிடுவார் என்று பயந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணி ஜன்னலோரம் நின்று மறுநாள் ஷிஃப்டுக்கான வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுப்பியிருக்கலாமே அண்ணி.”

“எதுக்கு?” என்றாள், கோட்டின் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. “உங்க வீட்டுக்காரி போன் பண்ணா. தூங்கறாருன்னு சொன்னேன். அப்படியான்னு ரெண்டு தடவை கேட்டா.”

அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவினார். சாப்பிடுகிறீர்களா என்று அவள் கேட்டாள். பசிக்கிறது என்றார்.