இரும்புச் சட்டைக்குள் கம்பளி

ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட விடாமல் டென்மார்க் அரசு எங்கள் விண்ணப்பங்களை முடக்கி வைத்திருந்த கோடை அது. பிரெடெரிசியா நகரில், பழங்காலப் போர்வீரர் வேடமிட்டு வாள்வீசிக் காட்டும் ஒரு சந்தை நடந்தது. தொழிற்சாலை நண்பர்கள் என் கணவருக்கு இரும்புக் கவசம் பூட்டி வாளும் கொடுத்தார்கள். ராசா மாதிரித்தான் நின்றார். நாலு வீச்சு வீசியதும் கை தூக்க முடியாமல் தடாலென்று விழுந்தார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன். இவர் போய்விட்டால் பிள்ளைகளை யார் கூப்பிடுவது?

கவசத்தைக் கழற்றினார்கள். அதன் கீழ் தடித்த பஞ்சுச் சட்டை. அதற்கும் உள்ளே, வீட்டிலிருந்து போட்டுவந்த இரண்டு கம்பளிச் சுவெட்டர்!

"என்னப்பா இது, இந்த வெயிலுக்கை?"

"இரும்பு குளிருமெண்டு நினைச்சன். தண்ணி தாரும்."

தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றினேன்.

"பிள்ளையள் வந்து சேருமட்டும் நீங்கள் வாள் தொடக்கூடாது" என்றேன்.