குருவிக்குத் தாமதமாக வந்த சாட்சி

கோர்ட்டில் சிரிக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் போன மாதம் சிரித்துவிட்டேன். நான் மட்டுமா? நீதிபதி அம்மாவும்தான்!

வழக்கு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ஸ்டெல்லாவுடையது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துபவர். சமையலறைச் சுவரில் மாட்டுகிற ஒரு கருவி செய்தார். குருவி வடிவம். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, குருவியின் வயிற்றில் நீல வெளிச்சம் ஏறும். பெங்களூருக்கு இதைவிட அவசரமான கண்டுபிடிப்பு உண்டா?

டிசைனைப் பதிவு செய்து விற்கத் தொடங்கினார். ஒரு நாள் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு கடையில் அதே குருவி — வேறு கம்பெனி பெயரில்! கேஸ் போட்டார். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? "நாங்கதான் முதல்ல செஞ்சோம். அந்தம்மாதான் எங்களைப் பார்த்துக் காப்பி அடிச்சாங்க."

வியாபாரம் போனதைக்கூட ஸ்டெல்லா தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஆதாரம் இல்லாமல் இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று முதல் குருவியை அவர் சுவரில் மாட்டியதைத் தம்பி ஆன்டனி போனில் வீடியோ எடுத்திருந்தார். ஆனால், அப்புறம் ஸ்டெல்லாவின் மகளுக்கு அடித்த கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டது. அன்றோடு பேச்சு வார்த்தை கட்! வீடியோ கேட்டு நான் ஆன்டனியிடம் தூது போனேன். டீ கொடுத்தார். வீடியோ கொடுக்கவில்லை.

நம் முக்கியமான ஆதாரமெல்லாம் எங்கே இருக்கிறது? நம்மோடு பேசாத யாரோ ஒருவர் போனில்தான்...

ஆதாரம் கொடுக்க வேண்டிய கெடு தாண்டியது. கடைசியில் ஸ்டெல்லாவே, என்னையும் இழுத்துக்கொண்டு, சிவாஜிநகரில் இருக்கும் தம்பியின் துணிக்கடைக்குப் போனார்.

"ஆன்டனி, உன் பேரு உட்டுப்போனது தப்புதான். ஆனா என்னைத் திருடின்னு சொல்றாங்கடா..."

மடித்துக்கொண்டிருந்த துணியை ஆன்டனி கீழே வைத்தார். "எவன்க்கா சொன்னான்?"

உடனே போனை எடுத்துவிட்டார். அக்காவைத் தம்பி திட்டலாம், அடுத்தவன் திட்டினால்?

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குதித்தார். "கேஸ் முடியிற நேரத்துல புது ஆதாரமா? ஏத்துக்கவே கூடாது!"

நீதிபதி ஸ்டெல்லாவைக் கேட்டார். "யாக்கம்மா இஷ்டு லேட்டு?" ஏனம்மா இவ்வளவு தாமதம் என்று.

ஸ்டெல்லாவும் கன்னடத்திலேயே உள்ளதைச் சொன்னார். தம்பியோடு பேச்சு இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டும் தரவில்லை.

"குடும்பச் சண்டையெல்லாம் ஒரு காரணமா?" என்றார் வக்கீல்.

நீதிபதி, பின்னால் நின்ற ஆன்டனியைக் கூப்பிட்டு, கேட்டபோதே ஏன் கொடுக்கவில்லை என்றார்.

"பத்திரிகையில என் பேரு போடல மேடம்!"

அங்கேதான் எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடித்து நீதிபதி சொன்னார் — தன் கையில் இல்லாததை அவர் எப்படி முன்பே தர முடியும்? வீடியோவை ஏற்கிறேன். எதிர்த்தரப்பும் போனைச் சோதித்துப் பதில் சொல்லட்டும்.

சோதித்தார்கள். தேதி சரியாக இருந்தது; கம்பெனி குருவி செய்வதற்கு முன்பே எடுத்த வீடியோ. இந்த வாரம் கம்பெனிக்காரர்கள் தாமாகவே சமாதானத்துக்கு வந்தார்கள். குருவி செய்வதை நிறுத்திவிடுவதாகவும், 'காப்பி' என்று சொன்னதைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா அதை இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் வீட்டில் பிரியாணி. டிவியில் அந்த வீடியோவைப் போட்டார்கள்.

"ஏன்டா, என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கு! இதுவா வீடியோ எடுக்கிற லட்சணம்?"

"குருவி தெரியுது இல்ல? உன் மூஞ்சிய யாரு கேட்டாங்க அக்கா?"

அப்பாடா... பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்!