சிங்க்கில் அரைத்த வாழைத்தண்டு

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம் பாயான் பாருவில் என் மகள் வாடகைக்கு இருக்கும் வீடு, பதினோராவது மாடி. முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு, ஜார்ஜ் டவுனில் இருந்த என் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்த் தங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகளும் மருமகனும் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அதனால் சமையல் என் கைக்கு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்ன, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள் நான். லாரி ஓட்டுகிறவர்களும் சாமான் இறக்குகிறவர்களும் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிகளும் என் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

மகள் வீட்டு சிங்க்குக்கு அடியில் ஒரு மிஷின் இருந்தது. முன்னால் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் வைத்துவிட்டுப் போனது. மீந்த சாப்பாட்டை ஓட்டையில் தள்ளி, தண்ணீரைத் திறந்து, சுவிட்சைத் தட்டினால் கரகரவென்று அரைத்துக் குழாயில் அனுப்பிவிடும். என்னென்ன போடக்கூடாது என்று இங்கிலீஷில் ஒரு தாள் சிங்க் அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டியிருந்தது. முதல் நாளே மகள் அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன்.

"போதும் போதும். அடுப்படியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் சிரித்துக்கொண்டே கதவை மூடினாள்.

எங்கள் வீட்டில் சோற்றைக் குப்பையில் கொட்ட மாட்டோம். அது பாவம். மீன் செதிலோடும் பழைய பேப்பரோடும் ஒரு பிடிச் சோறு கிடப்பதைப் பார்த்தால் என் மனசு தாங்காது. கடை இருந்த காலத்தில் மீந்ததையெல்லாம் கோழி வளர்க்கிற ஒருவர் வாளியில் வாங்கிக்கொண்டு போவார். பதினோராவது மாடியில் கோழிக்கு நான் எங்கே போவேன்? இந்த மிஷினைப் பார்த்ததும் அந்தக் கவலை விட்டது. சோறு நல்ல தண்ணீரோடு போகிறது, குப்பையைத் தொடவில்லை. ஆற்றில் விடுவது மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சோற்றோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பழகப் பழகக் கை நீண்டுவிட்டது. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, முருங்கைக்காய்த் தோல், வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிற நார், எல்லாம் அதற்குள்தான் போனது. மிஷினும் ஒன்றும் சொல்லவில்லை, அரைத்தது.

அந்த வீட்டைக் கூட்டித் துடைக்க வாரம் மூன்று நாள் ஒரு பெண் வருவாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும், நம் தமிழ்ப்பெண்தான். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடலைத் தாண்டி வருவாள். புருஷன் இல்லை. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், இவள் ஒருத்தி கையைத்தான் பார்த்திருந்தார்கள். நான் வாழைத்தண்டு நாரை உள்ளே தள்ளுவதை அவள் ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"பெரியம்மா, அதுக்கு வாய்தான் பெருசு. தொண்ட சின்னதுலா" என்றாள்.

"நீ கூட்ட வந்தியா, எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?"

"கூட்டத்தான் வந்தேன். புத்தி சும்மா குடுத்தேன்" என்று சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்க அவள் மேல் எரிச்சல்.

அந்தச் சனிக்கிழமை காலையில் தீபாவளிக்கு முதல் ஈடு முறுக்குச் சுட்டேன். மகள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். சுட்டு முடித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றி, பின்னாலேயே முதல் நாள் சோற்றையும் தள்ளி, சுவிட்சைத் தட்டினேன். மிஷின் 'உம்' என்றதே தவிரச் சுற்றவில்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீர் மேலே வந்தது. தண்ணீரை வேகமாகத் திறந்தால் தள்ளிக்கொண்டு போகும் என்று குழாயை முழுக்கத் திருப்பினேன். சிங்க் நிரம்பியது. கீழே ஏதோ பட்டென்று விட்டது. அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு புளித்த தண்ணீர் கொட்டியது, அரிசி மூட்டை நனைந்தது, பலகையெல்லாம் ஊறியது.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஓடி வந்து முதலில் சுவிட்சை அணைத்தாள், பிறகு குழாயை மூடினாள். என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துடைக்கிற வாளியிலேயே தரைத் தண்ணீரை மொண்டு பாத்ரூமில் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள்.

"என்னக்கா இது? மாப் தண்ணிய சிங்க்குல ஊத்துனீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"அப்புறம் எப்படி? அம்மா அஞ்சு மாசமா பொழங்குறாங்க, ஒன்னும் ஆகலையே."

அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மடிப்பு மடித்தேன் என்று தெரியாது. அவள் மறுபடி குனிந்து மொள்ள ஆரம்பித்தாள்.

மகள் பைப் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டாள். மறுநாள் காலைதான் வர முடியும் என்றார். "நாளைக்கு நீங்களும் வந்து இதச் சுத்தம் பண்ணிக் குடுத்திருங்கக்கா" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னாள். மற்ற நாட்களில் வேறு வீடுகளுக்கும் போகிற அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிற ஒரே ஓய்வு. சரி என்றாள்.

பிறகு மகள் என் அறைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "தப்பு பண்ணிட்டு இல்லேங்கறாங்கம்மா. இந்த மாசத்தோட நிறுத்திருவோம், நான் வேற ஆள் பாக்குறேன்" என்றாள். நான் "ம்" என்றேன். எழுபத்திரண்டு வயதில் நான் பேசியதிலேயே அசிங்கமான பேச்சு அந்த ஒரு "ம்"தான்.

வாயைத் திறந்தால் என்ன? திறக்க முடியவில்லை. அடுப்படியில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அந்த மகளிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தவள் நான். அவளிடமே போய், உன் வீட்டை நான்தான் நாறடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். மகள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. அழவில்லை, கோபமாகவும் இல்லை.

"பெரியம்மா, நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, மாட்டிக்கிட்டதும் கெழவி மேல பழி போடுறான்னு ஆயிரும். உங்க மக நம்புனாலும், அதுக்கப்புறம் உங்க மூஞ்சியப் பாத்து நான் இங்க வேல செய்ய முடியாது. நீங்கதான் சொல்லணும். சொல்லுவீங்கன்னுதான் நாளைக்கு வர்றேன். இல்லேன்னா எதுக்கு ரெண்டு பஸ் மாறி வர்றேன்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். என் கடையில் வேலை செய்தவர்களை நான் எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன். என்னை நம்பி ஒருவரும் இப்படிப் பேசியதில்லை.

மறுநாள் பைப்காரர் வந்தார், வயதான மலாய்க்காரர். அவளும் வந்துவிட்டாள். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஷினைக் கழற்றுவதற்கு முன்னால், இதற்குள் என்ன போட்டீர்கள் என்று அவர் கேட்டார். மகள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச்சை ஆட்டாமல் பிடித்திருந்தாள்.

"அவளப் பாக்காத. போட்டது நானு" என்றேன்.

தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாழைத்தண்டு நார், முருங்கைத் தோல், தேங்காய்ச் சக்கை, ஐந்து மாதச் சோறு, வடித்த கஞ்சி, கடைசியாக முறுக்கு எண்ணெய். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மிஷினைக் கழற்றி, உள்ளே கையை விட்டு இழுத்தார். பூனை வால் தடிமனுக்கு நார் முறுக்கிக்கொண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது. இந்த வீட்டில் கயிறு திரிக்கிறீர்களா என்று கேட்டார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். நார் எதுவானாலும் அரைபடாதாம், சுற்றிக்கொள்ளுமாம். சோறும் கஞ்சியும் குழாய்க்குள் ஊறிப் பசையாகப் பிடிக்குமாம். சூடாகப் போகிற எண்ணெய் உள்ளே ஆறி, அந்தப் பசையோடு சேர்ந்து கெட்டியாகுமாம். எலும்பும் கொட்டையும் போட்டால் மிஷினே போய்விடுமாம். தாளில் இருந்ததும் இதேதான் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். திட்டவில்லை. அந்தப் பெண் பக்கம் திரும்பி, "சாரிக்கா. நான் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். நீங்க எப்பவும் போல வரணும்" என்றாள்.

"வர்றேன் தங்கச்சி. ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம. பெரியம்மா கையால மீன் கொழம்பு இல்லாம போக மாட்டேன்."

பாத்ரூம் குழாயில் மீனைக் கழுவி வந்து குழம்பு வைத்தேன். முழங்கால் வலித்தது, சொல்லவில்லை. பைப்காரரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது, சோற்றைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை, அதில் ஆரம்பித்ததுதான் எல்லாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மனசு வரலேன்னா அளந்து வடிங்க பெரியம்மா. கட மூடி எத்தன வருஷமாச்சு? இன்னும் துறைமுகத்துக்கே சேத்துல்ல வடிக்கிறீங்க!"

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். நியாயமான பேச்சு, என்ன செய்வது?

இப்போது என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இங்கே அந்த மிஷினும் இல்லை, சோறும் மிஞ்சுவதில்லை. அவள் இன்னும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். என்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவள். தன் பிழைப்பே போகிற நேரத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், என்னைத் தப்பிக்கவும் விடாமல் நின்ற அந்த நிமிர்வை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் எது உடைந்தாலும் எல்லோர் கண்ணும் முதலில் கூலிக்கு வந்தவள் பக்கம்தான் திரும்புகிறது. உடைத்தது நானாக இருந்தால், அந்தக் கண்கள் அவள் மேல் விழுவதற்கு முன்னால் என் வாய் திறந்துவிட வேண்டும் என்று இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.