சீர்த்தட்டில் வைக்க முடியாதது

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி திண்டிவனம் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என் வீட்டுக்கு நேர் எதிரே அரசுத் தொடக்கப்பள்ளி. நானும் அதில்தான் ஐந்தாவது வரை படித்தேன். இப்போது சுவரெல்லாம் ரயில் பெட்டி மாதிரி வண்ணம் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கென்று பின்பக்கம் ஒரு கழிவறையும் கட்டினார்கள். டைல்ஸ் பதித்து, உள்தாழ்ப்பாள் எல்லாம் வைத்து, குறை சொல்ல முடியாது. தண்ணீர்தான் இல்லை. பள்ளிக்கூடத்து போர் வற்றிப்போயிற்று. பஞ்சாயத்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீர், குடிக்கவும் சத்துணவு ஆக்கவும்தான் காணும். அதனால் கழிவறை பூட்டியே கிடந்தது.

பையன்கள் ஏரிக்கரைப் பக்கம் ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இன்டர்வெல்லில் வீட்டுக்குப் போகிற சிலது அப்படியே நின்றுவிடும், மத்தியானம் வராது.

ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் கேட்டைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். அவளுக்குக் கேட்க வெட்கம். என்னவென்று விசாரிக்க எனக்கும் கூச்சம். நான் யாரிடமும் முதலில் பேசிப் பழகாதவள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்க் கொல்லையில் இருக்கும் கழிவறைக் கதவைத் திறந்துவிட்டேன். அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினாள். மறுநாள் கூட இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். அடுத்த வாரம் வரிசையே நின்றது. பிறகு டீச்சர்களும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் இருக்கும்போது போட்ட போரில் நல்ல தண்ணீர், குறைவே இல்லை. பிள்ளைகள் வருகிற நேரம் நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன், அவர்கள் சங்கடப்படாமல் இருக்கட்டும் என்று. அங்கிருந்தே அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். எந்த டீச்சருக்கு மருமகள் வந்திருக்கிறாள், யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

ஒரே ஒரு கஷ்டம். வீட்டில் நான் ஒருத்திதான். நான் பூட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். விழுப்புரத்தில் இருக்கும் என் மகள் கண் ஆபரேஷனுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இடது கண்ணில் புகை மூடிய மாதிரிதான் தெரிந்தது. "லீவு வுடட்டும், வர்றேன்" என்பேன். "இன்னாம்மா நீ, ஸ்கூலு புள்ளையா லீவுக்கு வர்றதுக்கு?" என்று போனிலேயே சண்டை போடுவாள். காலாண்டு லீவும் அரையாண்டு லீவும் வந்து போயின. ஆபரேஷன் பண்ணினால் நாள்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும், மருந்து விட வேண்டும் என்றார்கள். தள்ளிப்போட்டேன்.

அதே வருஷம் பள்ளிக்குக் கல்விச்சீர் கொண்டுபோவது என்று முடிவானது. தாய்மாமன் வீட்டுச் சீர் போகிற மாதிரியே, ஊர்க்காரர்கள் தட்டு ஏந்தி, மேளம் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேலாண்மைக் குழுத் தலைவி எங்கள் தெருக்காரிதான். அவள் பையன் மூன்றாவது படிக்கிறான். வாயும் பெரிது, மனசும் பெரிது.

"இன்னா வோணும்னு சொல்லுங்க டீச்சர், ஜமாய்ச்சிடலாம்" என்றாள்.

பெரிய டீச்சர் எழுந்தார். கழிவறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லத்தான் எழுந்தார் என்று எனக்குத் தெரியும். எதிரே ஆம்பளைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களால முடிஞ்சத கொண்டு வாங்க. எதுவா இருந்தாலும் சந்தோஷம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்து, ஊருக்குப் புதிதாக வாழ வந்த ஒரு மருமகப்பெண் மட்டும், "பக்கெட்டு, மக்கு, பினாயிலு, இந்த மாரி எடுத்துக்கினு வரலாங்களா?" என்று கேட்டாள்.

"சீர்த்தட்டுல யாராவது பினாயில வைப்பாங்களாடி?" என்றாள் தலைவி. "ஒம் மாமியா வூட்டுக்கு அதத்தான் கொண்டாந்தியா?"

"அவங்க கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேன்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. சீர் என்றால் தட்டில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். யார் என்ன வாங்குவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சீர் நாளன்று விழுப்புரத்திலிருந்து மேளம் வந்தது. நான் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அவித்து ஒரு அன்னக்கூடையில் எடுத்துவைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன். மேடைக்குப் போகாமல், பின்பக்கமாகப் போய்ச் சத்துணவு அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஊர்வலம் வந்தது. முதல் தட்டில் ஜெலட்டின் பேப்பர் சுற்றிய சுவர்க் கடிகாரம். இரண்டாவது தட்டிலும் கடிகாரம். அதற்குப் பின்னாலும் கடிகாரம். திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு கடையில் கடிகாரத்துக்குத் தள்ளுபடி போட்டிருந்தானாம். எல்லோரும் தனித்தனியாகப் போய், ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள். நடுவில் இரண்டு குத்துவிளக்கும் ஒரு நிலைக்கண்ணாடியும் வாழைப்பழச் சீப்புகளும் வந்தன.

மைக்கில் தலைவிதான் அறிவித்தாள். "மேலத்தெரு டிரைவர் வீட்டார் சார்பாகச் சுவர்க் கடிகாரம் ஒன்று" என்று நீட்டி ஆரம்பித்தவள், போகப்போக "இவங்களும் கடிகாரம்" என்றாள். கடைசியில் தட்டைப் பார்த்துவிட்டு "அதே" என்று மட்டும் சொன்னாள்.

திண்டிவனத்தில் பைப்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். அவரும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான். அவர் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஊசல் ஆடுகிற கடிகாரம். கூடவே அவர் மனைவி, பட்டுப்புடவையில்.

எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். வெயிலுக்குப் பிள்ளைகள் இரண்டு கிளாஸ், மூன்று கிளாஸ் என்று வாங்கிக் குடித்தன. சற்று நேரத்தில் என் கொல்லையில் வரிசை சேர்ந்துவிட்டது. நான் அன்னக்கூடையோடு அடுப்படிக்குள் போனேன். ஜன்னல் வழியே பார்த்தால், பைப்புக்கடைக்காரர் மனைவியைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி அழைத்து வருகிறார் பெரிய டீச்சர். டீச்சர் முகமே வெட்கத்தில் சிவந்திருந்தது.

"இங்கதாங்க, நாங்கல்லாம் வர்றது" என்றார் மெதுவாக.

அந்த அம்மா நேரே கதவுப் பக்கம் போனார். ஐந்தாவது படிக்கிற, முதன்முதலில் கேட்டில் வந்து நின்றாளே, அதே பெண் தடுத்தாள்.

"ஆன்ட்டி, வரிசைல வாங்க. இவ முன்னாடி வந்தா."

"சரிம்மா, சரி. ஜல்தியா போய்ட்டு வரச் சொல்லு அவள."

"வரும்போது பக்கெட்ட ரொப்பி வச்சிட்டு வரணும். ஆயா வூட்டு ரூலு."

நான் எந்த ரூலும் போடவில்லை. அவர்களே போட்டுக்கொண்டதுதான் அது. அந்த அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார். தன் முறை வந்து போய், பக்கெட்டை நிரப்பி வைத்துவிட்டு, முந்தானை நனைந்து வெளியே வந்தார். அடுப்படி வாசலில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, டெய்லியுமா இப்பிடி?"

தலையாட்டினேன்.

"ஒங்களுக்கு பேஜாரா இல்லியா?"

"இல்லீங்க. புள்ளைங்கதான."

"நீங்க எங்கனா வெளிய போனா?"

"போறதில்லீங்க" என்றேன். அவர் என் இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போனார். நானும் கேட்டுக்கு வந்து நின்றேன்.

மேடையில் தலைவி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பைப்புக்கடைக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் ரகசியமாகத்தான் பேசினார். மைக் அணைக்காமல் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"கடை நெறைய டேங்க அடுக்கி வச்சிக்கினு, ஒரு கடியாரத்த தூக்கினு வந்திருக்கீங்களே. அந்தப் புள்ளைங்க ரோட்ட தாண்டி ஒரு வயசானவங்க வூட்டுக்குப் போயி நிக்குதுங்க."

"யாரும் கேக்கலியேம்மா" என்றார் அவர். "அதும் இல்லாம, டேங்க எப்பிடி சீர்த்தட்டுல வைக்கிறது?"

கூட்டம் சிரித்தது. தலைவிதான் சிரிக்கவில்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தட்டு நாங்க தர்றோம்ண்ணே. நீங்க டேங்க ஏத்துங்க" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அடுத்த வாரம் குட்டியானை வண்டியில் கறுப்பு டேங்க் வந்தபோது, அதன் அடியில் தன் கல்யாணத் தாம்பாளத்தை வைத்து, டேங்குக்குப் பொட்டிட்டு மாலை போட்டுத்தான் தெருவுக்குள் விட்டாள். இந்த முறை பக்கெட்டும் மக்கும் பினாயிலும்கூடத் தட்டில் வந்தன. முதலில் கேட்ட அந்த மருமகப்பெண்தான் ஏந்தி வந்தாள்.

டேங்க் வந்தது, தண்ணீருக்கு எங்கே போவது? புது போர் போட இரண்டு இடத்தில் பார்த்தார்கள், ஊற்று இல்லை என்றார்கள். சாயங்காலம் பெரிய டீச்சர் என் கேட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் முதல்நாள் நின்ற மாதிரியே இருந்தது.

"எங்க போர்லேர்ந்து கொழாய இழுத்துக்கிங்க டீச்சர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் குழாய் கொடுத்தார், ஊர்ப்பையன்கள் ரோட்டைத் தோண்டிப் புதைத்தார்கள்.

கழிவறையைத் திறந்தார்கள். அன்றைக்கு இன்டர்வெல் மணி அடித்தது. பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. கொல்லையில் பக்கெட் காலியாக இருந்தது, நானே நிரப்பி வைத்தேன். பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று தெரிந்தும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலமே மகளுக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்றேன். வீட்டுச் சாவியைத் தலைவியிடம் கொடுத்தேன், மோட்டார் போடுவதற்கு.

கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் திரும்பியபோது, என் அடுப்படிச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒன்று மாட்டியும் மிச்சமாம். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் எதிரே இருந்து சத்தம் கேட்டது. பள்ளிக்கூட மொட்டைமாடியில்தான் டேங்கை ஏற்றியிருந்தார்கள். அதன் மாடிப்படியில் அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள்.

"ஆயா வந்துட்டியா? மோட்டார போடு!"

போட்டேன். வாசலுக்கு வந்து, டேங்க் நிரம்பிவிட்டதா என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் சத்தம் கேட்டுக்குக்கூடப் போகவில்லை.

"கேக்கல ஆயா!"

"ரொம்பிடுச்சாடி?"

"கேக்கல!"

"ரொம்பிடுச்சாடீ!" என்று கத்தினேன். மாடிப்படியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இன்னும் இல்லை என்று கத்தின. தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த தலைவி ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"யக்கா, இத்தினி கொரல எங்கக்கா ஒளிச்சி வச்சிக்கினு இருந்த?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் உள்ளே போகவில்லை. சுவிட்சை அணைக்கச் சொல்லும் வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.