ஏசிக்குப் பயந்த மூங்கில்

எங்கள் கம்பெனியின் ஜப்பான் இன்ஜினியர் ஒரு மாச லீவில் ஊருக்குக் கிளம்பும்போது, நீளமான துணிப்பை ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் அவருக்கு டிரைவர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். யாராவது ஒரு பொருளைக் கொடுத்துப் பார்த்துக்கொள் என்றாலே ராத்திரியில் எழுந்து எழுந்து அதைப் பார்ப்பேன்.

பைக்குள் ஷாகுஹாச்சி, ஜப்பான்காரர்களின் மூங்கில் குழல். நம்ம புல்லாங்குழல் மாதிரி மெலிசு இல்லை. வேரோடு பிடுங்கின மூங்கில், அடிப்பக்கம் நல்ல கனம். முன்னால் நாலு துளை, பின்னால் ஒன்று. ஊதத் தனித் துளை கிடையாது. மேல் நுனியைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள். நேராகப் பிடித்து அந்த விளிம்பில் ஊத வேண்டும். முன்பு வைத்திருந்த குழல் ஏசிக் காற்றில் காய்ந்து வெடித்துப்போனதாம். "ஏசி மாஃபி, கார் மாஃபி" என்று, ஏசியும் கூடாது காரும் கூடாது என்பதை கல்ஃபில் எல்லாரும் பேசும் அரபியில், விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு பிளேன் ஏறிவிட்டார்.

கராமாவில் எங்கள் ரூமில் ஆறு பேர். ஏசியைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"குழலுக்குச் சளி பிடிக்கும்னு நாங்க வேகணுமாண்ணே?" என்றான் அந்த வாரம் சமையல் முறையில் இருந்த ரூம் தம்பி.

மிச்சம் கிச்சன்தான். அங்கே ஏசி இல்லை, சோற்று ஆவி உண்டு, மூங்கில் காயாது. அடுப்புக்குத் தள்ளி ஆணியில் மாட்டினேன். தினம் டியூட்டிக்கு முன்னால் போன் டார்ச்சில் விரிசல் தேடுவேன். ஒருநாள் கறுப்பாய் ஒரு கோடு! உயிரே போய்விட்டது. துடைத்தால், தலைமுடி.

ஊதிப் பார்க்காமல் இருக்க முடியுமா? வெறும் காற்றுதான் வந்தது.

"குழலாண்ணே இது, பஞ்சரான டயரா?"

மூன்றாம் வாரம், மூச்சும் சத்தமும் கலந்த கனத்த ஒலி ஒன்று வந்தது. தாடையை இறக்கினால் சுரமும் இறங்கியது. சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். எச்சில் பட்டு வெடித்துவிடுமோ என்று துடைத்துத் துடைத்து வைத்தேன்.

லீவு முடிந்து திரும்பி வந்தவர், ஏர்போர்ட்டிலேயே குழலைக் கையில் வாங்கி, பெருவிரலால் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. அப்புறம் மூக்கருகே கொண்டுபோனார்.

"ஃபிஷ்?"

எங்கள் மத்திக் குழம்பு! ஊதினது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பார்க்கிங்கிலேயே நின்று ஊதினார். குழலுக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் கிச்சனில் அடுப்பே எரியாது. அதனால் இப்போது ஞாயிறுதோறும் குழலோடு எங்கள் ரூமுக்கு வந்துவிடுகிறார். குழல் ஆணிக்கு, அவர் சாப்பாட்டுக்கு. மத்தி முள் அவர் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"மீன் தின்னே வளந்தவருண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்பான் தம்பி.

இருந்தாலும் முள்ளை எடுத்துத்தான் வைக்கிறேன்.