ஒரு பை விற்றால் பத்து நஷ்டம்

கடையை மூடப் போகிறேன் என்று என் தங்கச்சி போனில் சொன்னபோது நான் ஒரு அம்மாவின் தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தேன். "மூடறதுக்கு அது என்ன கதவு வெச்ச கடையா? போனுக்குள்ள இருக்கற கடைதானே, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்!" என்று கத்தினேன். தலையைக் கொடுத்திருந்த அம்மா அரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தார். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், அதை எங்கள் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு வந்தது கோபம் இல்லை, பயம்.

கடையை மூடினால் அவள் திரும்பிப் போக வேண்டிய இடம் அந்த மருந்துக் கடை. வருஷக்கணக்காக அங்கே பில் போட்டாள். உட்கார நாற்காலி கிடையாது. மேனேஜர் என்று ஒரு மகராசன், கழிப்பறைக்குப் போய் வந்தால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் கிளம்பட்டுமா என்று ஒரு நாள் கேட்டதற்கு, மருந்து வாங்க வந்தவர்கள் முன்னால் வைத்தே, "நீ போய் என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்றானாம். அந்த வார்த்தையோடு வேலையை விட்டவள்தான், தையல் மெஷினைத் தூசி தட்டிச் சாப்பாட்டுப் பை தைக்க உட்கார்ந்தாள். உள்ளே சூடு ஆறாமல் இருக்கப் பளபள என்று ஒரு துணி, வெளியே பூப்போட்ட துணி, சுற்றிலும் ஜிப்பு. ஆன்லைனில் போட்டாள், விற்றது.

கூட்டாளி கிடையாது, வேலையாள் கிடையாது. வெட்டுவது, தைப்பது, ஜன்னலோரம் வைத்துப் படம் எடுப்பது, "இதே பை நீலத்துல கெடைக்குமா?" என்பவர்களுக்குப் பதில் எழுதுவது, பெட்டி கட்டுவது, கணக்கு எழுதுவது, எல்லாம் அவளேதான். முதலாளியும் அவளே, முதலாளியிடம் திட்டு வாங்குகிற ஆளும் அவளே. சும்மா சொல்லக் கூடாது, பை அம்சமாக இருக்கும். முடி வெட்ட வருகிறவர்கள் தலையிலேயே நானும் நாலைந்தைக் கட்டியிருக்கிறேன்.

சாயத்தைக் கழுவி அனுப்பிவிட்டு, என் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். அவள் வீட்டு முன்னறைக்குள் கால் வைக்க இடமில்லை. சோபா முழுக்கத் துணி, திரைச்சீலைக் கம்பியில் ஜிப்புகள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று பெட்டிகளை ஒதுக்கி வழி விட்டார். அவள் மேஜை முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மருந்துக் கடையில திரும்ப வேலை கேட்டிருந்தேன். மேனேஜர் சாயங்காலம் கூப்பிடுவார்க்கா. ஒண்ணாந் தேதியிலேர்ந்து வர்றேனா இல்லையான்னு சொல்லணும்."

"எதுக்குடி? பைதான் விக்குதே!"

"விக்குது. விக்க விக்க நஷ்டம். போன மாசம் மாதிரி ஒரு மாசமும் வித்ததில்ல. அந்த மாசம்தான் எல்லா மாசத்தையும் விட அதிகமா கையைக் கடிச்சிருக்கு."

"அப்போ பேங்க்ல ஒண்ணுமே இல்லையா?"

"அதை வெச்சு என்ன தெரியும்? கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு. இவர் சம்பளமும் அதுலதான் விழுது, பால் காசும் அதுலேர்ந்துதான் போகுது. இவர் சம்பளத்தைத் தின்னுதான் என் கடை ஓடுது போல."

மாப்பிள்ளை, "நான் ஏதாவது சொன்னேனா?" என்றார். பாவம், அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். சொல்லாமல் இருந்ததே அவளை அரித்திருக்கிறது.

அவள் கணக்கு நோட்டைத் தள்ளினாள். கோடு போட்டு, தேதி போட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தாள். மருந்துக் கடையில் படிந்த பழக்கம், ஒரு ஊசிக்குப் பில் வந்தாலும் அதை ஏற்றாமல் அவளுக்குத் தூக்கம் வராது. எனக்கோ கணக்கு என்றால் ஒரு தலை, ஒரு கூலி, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறாது. ஒரே ஒரு பையை எடு. அது பொறந்ததுலேர்ந்து சொல்லு."

"அக்கா, சும்மா இருக்கியா?"

"சொல்லுடி! எவ்வளவுக்கு விக்கறே?"

"அறுநூறு."

"அறுநூறும் உன் கைக்கு வருதா?"

"எப்படி வரும்? ஆன்லைன்காரங்க கமிஷன் தொண்ணூறு, கூரியருக்கு எண்பது. அந்த நூத்தி எழுபதைப் பிடிச்சுக்கிட்டு மிச்சம் நானூத்தி முப்பதை பேங்க்ல போடுவாங்க. அதைத்தான் வரவுல எழுதறேன்."

"துணி, ஜிப்பு, பெட்டி?"

"இருநூத்தி எழுபது."

மாப்பிள்ளையின் போனைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தேன். "நூத்தி அறுபது மிச்சம் இருக்குடி! நஷ்டம் எங்கேர்ந்து வந்துச்சு, வானத்துலேர்ந்தா?"

"இரு, முடியலை. மாசக் கடைசியில அவங்க பில் அனுப்புவாங்க. கமிஷன் இவ்வளவு, கூரியர் இவ்வளவுன்னு. அந்த நூத்தி எழுபதைச் செலவுல எழுதினா ஒரு பைக்குப் பத்து நஷ்..."

பேச்சைப் பாதியில் விட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். வரவுப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"என்னடி?"

"அதை ஏற்கெனவே பிடிச்சுட்டுத்தானே போட்டாங்க," என்றாள் மெதுவாக.

"அடிப்பாவி! அவங்க ஒரு தடவை கழிச்சதை நீ இன்னொரு தடவை கழிச்சியா?"

"பில் வந்துச்சேக்கா! வந்த பில்லை எழுதாம எப்படி விடறது?"

மாப்பிள்ளை டேப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். போன மாதத்தைத் திரும்பக் கூட்டினாள். லாபம். நம்பவில்லை. அதற்கு முந்தின மாதம், அதுவும் லாபம். அடுத்ததை மாப்பிள்ளை பேனாவை வாங்கிக் கூட்டினார். ஒரு மாதம்கூட நஷ்டமில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சோபாவில் துணி மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன், அவளும் திட்டவில்லை.

இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மாப்பிள்ளைக்கு வருஷா வருஷம் வரிக்கணக்கு எழுதித் தருகிற அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பில்லை எழுதினது தப்பில்லம்மா. அதை எழுதினா, வரவுல முழுசா அறுநூறை எழுதியிருக்கணும். நிறைய பேர் இப்படித்தான் வந்து நிப்பாங்க. நல்ல வேளை, இந்த வருஷக் கணக்கை இன்னும் அனுப்பலை. முதல்ல கடைக்குன்னு தனியா ஒரு பேங்க் கணக்கு ஆரம்பிங்க. ஆனா ஒண்ணு, லாபம் வந்திருக்கறதால வரி கட்ட வேண்டி வந்தாலும் வரும்."

"கட்டறேம்மா! தாராளமா கட்டறேன்!"

"வரிக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்ல," என்றார் அந்த அம்மா.

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப அடித்தது. மேனேஜர். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் பிடுங்கி நானே பேசியிருப்பேன்.

"சொல்லுங்க சார்... இல்ல சார், நான் வரலை." அந்தப் பக்கம் அவன் குரல் உயர்வது எங்களுக்கே கேட்டது. இவள் குரல் உயரவில்லை. "யோசிச்சுத்தான் சொல்றேன் சார். என் கடை நல்லா ஓடுது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை பதறி, "இப்ப எதுக்கு அழறே, அதான் லாபமாச்சே!" என்றார்.

"அதுக்கில்லீங்க," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதுகு ஒடியத் தைச்சுட்டு உங்க காசைத்தான் தின்னுட்டு இருக்கேன்னு நெனச்சேன். சோறு இறங்கலை எனக்கு. இத்தனை நாளும் நான் சம்பாதிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்."