டூட்டூவில் வைத்த ஒரு பொட்டு மஞ்சள்

புதுத் துணியில் மஞ்சள் வைக்காமல் அதை ஒருவர் உடம்பில் ஏற்ற எனக்குப் பயம். இது மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வைப்பேன். தமிழ்க்கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் ஆறு வருடம் தைத்தேன். சட்டைகள், அரங்கேற்றப் பிள்ளைகளின் பரதநாட்டிய உடுப்புகள். புறநகர்களான ஓல்னேயிலிருந்தும் சென் தெனியிலிருந்தும் வரும் தாய்மார் உடுப்பைக் கையில் வாங்கியதும் விசிறி மடிப்பைப் பார்க்க மாட்டார்கள். உள்மூலையைப் புரட்டி மஞ்சள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் என் தையல் பெட்டியில் ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் டப்பா எப்போதும் இருக்கும்.

அந்த விசிறி மடிப்பின் புண்ணியத்தில்தான் எனக்கு ஒரு நாடக அரங்கின் தையற்கூடத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் கொந்த்ரா, அதாவது நிரந்தர ஒப்பந்தம், தருவோம் என்றார்கள். எனக்கோ வருடா வருடம் புதுப்பிக்கிற வதிவிடக் கார்ட். அடுத்த முறை கொந்த்ரா இல்லாமல் வர வேண்டாம் என்று கார்ட் கொடுக்கும் ப்ரெபெக்தூர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். கார்ட் போனால் இந்த ஊரில் நான் யாருமில்லை. அந்த மூன்று மாதமும் நூல் அறுந்தால்கூட எனக்கு நெஞ்சு திக்கென்றது.

தையற்கூடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் மதாம் என்பார்கள். என் வயதுதான். ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் அவர் எனக்குப் பாவாடைகளின் கதையைச் சொன்னார். பாலே ஆடிய பெண்கள் முதலில் தரை தொடும் கனத்த உடைகளில்தான் அசைந்தார்களாம். காலின் வேலை தெரிய வேண்டும் என்று பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறியது. நுனிவிரலில் நிற்கத் தொடங்கிய காலத்தில், ஆவிகளும் தேவதைகளும் மேடையில் மிதப்பதற்காக, கவிழ்த்த மணி போல வெள்ளை மெல்லிய துணி வந்தது. ஆட்டம் கடினமாகக் கடினமாக அதுவும் குறுகி, இடுப்பைச் சுற்றித் தட்டையாக விறைத்து நிற்கும் இன்றைய டூட்டூ ஆனது. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி, நடுவில் ஒரு எஃகு வளையம்.

“அந்த வெள்ளைத் துணிக் காலத்தில் மேடையில் எரிவாயு விளக்குகள் எரிந்தன,” என்றார் மதாம். பாவாடை நுனி ஒரு சுழற்சியில் சுடரைத் தொட்டால் போதுமாம். எத்தனையோ பெண்கள் ஆடிய இடத்திலேயே பற்றி எரிந்தார்களாம். துணியை ஒரு கரைசலில் தோய்த்தால் தீப்பிடிக்காது என்று அப்போதே தெரிந்திருந்தது. தோய்த்த துணி விறைத்து மஞ்சளாகிவிடும், வெள்ளை போய்விடும் என்று ஆடுகிறவர்களே மறுத்துவிட்டார்கள். மதாம் இழுப்பறையைத் திறந்து, தோய்த்த பழைய துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அழுக்கு மஞ்சள்.

“அதனால்தான் இங்கே ஒவ்வொரு உடைக்கும் ஒரு தாள் இருக்கிறது. சாயமோ பசையோ தீத்தடுப்புத் தண்ணீரோ, துணியில் எது பட்டாலும் என்ன, எங்கே, ஏன் என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் எதையாவது வைக்கிறவருக்கு இங்கே இடமில்லை.”

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கும் போதெல்லாம் ஒரு வெள்ளைப் பாவாடை என் கண்ணுக்குள் சுழன்றது. இப்போது மேடையில் தீ ஏது, எல்லாம் மின்விளக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் கேட்கவில்லை.

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம், புதன்கிழமை காலை, நான் தனியாகத் தைத்த முதல் டூட்டூ முடிந்தது. அதை உடுத்தப் போகும் பெண் ஒல்லியானவள். காதோரம் பூனைமயிர் இன்னும் போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், கண்ணுக்குள் நெருப்பு வந்தது. யோசித்துச் செய்தேன் என்றால் பொய். கை தன்பாட்டில் போய் டப்பாவைத் திறந்து, தண்ணீர் தொட்ட விரலால் இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் மிளகளவு மஞ்சளை வைத்துவிட்டது. பிறகுதான் தாள் நினைவுக்கு வந்தது. அதில் என்னவென்று எழுதுவது? உள்ளேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

டூட்டூவைத் துவைக்க முடியாது, துவைத்தால் விறைப்பு போய்விடும். அதனால் ஆடி முடித்ததும் வியர்வை நாற்றம் போக உட்பக்கத்தில் வொட்காவைத் தெளிப்பார்கள். ஆடுகிறவர்களுக்கு உடை உடுத்திவிடும் பெண் அன்று ஒத்திகை முடிந்து வழக்கம்போலத் தெளித்திருக்கிறாள். மஞ்சளுக்குச் சாராயம் பட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தாயும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வியாழன் காலை டூட்டூ தலைகீழாகத் தொங்கிக்கொண்டு திரும்பி வந்தது. மிளகளவு, தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சை அளவாகப் பரவி, இடுப்புப் பட்டியையும் தாண்டி வெளியே தெரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போகும்வரை ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தேன். போனதும் சவர்க்காரத்தைத் தொட்டுத் தேய்த்தேன். கறை சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இரத்தமாகச் சிவந்தது. எத்தனை கலியாணங்களில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலாத்தி கரைத்தவள் நான்! சவர்க்காரமும் மஞ்சளைச் சிவக்க வைக்கும் என்பது பயத்தில் மூளைக்கு எட்டவில்லை. வெள்ளை டூட்டூவின் இடுப்பில் யாரையோ குத்தியது போல ஒரு புண் தெரிந்தது.

ரெஸ்டோரண்டில் சமையல் வேலையில் இருந்த கணவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, எல்லாம் முடிஞ்சுது,” என்று அழுதேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

“அழாதையும். தேசிப்புளி விட்டுப் பாரும், சிவப்புப் போகும். பிறகு வெயில்ல பிடியும். ஆர் கேட்டாலும் வாய் திறக்காதையும், என்ன? நாளைக்குத்தானே கொந்த்ரா.”

“ஓம்,” என்றேன்.

தேநீருக்கு வைத்திருந்த தேசிக்காயைப் பிழிந்தேன். சிவப்பு இறங்கி மஞ்சளானது. ஜன்னலைத் திறந்து வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் மஞ்சளைத் தின்னும், ஆனால் அவசரப்படாது. மேகம் வந்த போதெல்லாம் வானத்தைத் திட்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“இது என்ன?”

“தெரியாது மதாம். திரும்பி வரும்போதே இப்படித்தான் இருந்தது.”

இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மதாம் கறையைத் தடவிப் பார்த்தார்.

“அந்தப் பெண்தான். ஏதோ தவறான போத்தலைத் தெளித்திருக்கிறாள்.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். உடுத்திவிடும் பெண்ணும் என்னைப் போலத்தான், கார்டும் கையுமாக அலைகிறவள். காலையில் படியேறும்போது எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மதாமின் விரல் எண்களை அழுத்தியது. கணவரின் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. சொல்லவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

“நான்தான் வைத்தேன்.”

மதாம் போனைக் கீழே வைத்தார். டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் மோந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கறையின் மேல் வெள்ளி நூலில் செய்த ஓர் இலையைத் தைக்கச் சொல்லிவிட்டுப் போனார். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முழு ஒத்திகை. பார்வையாளர் வரிசையில் மதாமுக்குப் பக்கத்து இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். இசை கேட்டதா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆடிய பெண்ணின் இடுப்பிலிருந்த ஓர் இலையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தேன். அவளுக்கு வியர்த்தால் மஞ்சள் மறுபடி கசியும். அவள் சுழன்று விளக்குப் பக்கம் போகும்போதெல்லாம் அது மின்விளக்கு என்று தெரிந்தும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஒன்றும் கசியவில்லை. அவள் குனிந்து வணங்கி உள்ளே போனதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதாம் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று கொந்த்ரா, அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். மற்றது அந்த டூட்டூவின் தாள்.

“முதலில் இதை எழுதுங்கள்.”

என்ன: மஞ்சள். எங்கே: இடுப்புப் பட்டி, உட்புறம். பிரெஞ்சில் எழுதிவிட்டேன். ஏன் என்ற கட்டத்தில் பேனா நின்றது. சாமி, சடங்கு, ஊர்வழக்கம், எதை எழுதினாலும் கையோடு அனுப்பிவிடுவார்கள் என்று பட்டது.

“எழுதத் தெரியவில்லை மதாம். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான்…”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேல் வரியில் விரலை வைத்தார். அவர் கையெழுத்து. என்ன: தீத்தடுப்புக் கரைசல். எங்கே: எல்லா அடுக்கிலும். ஏன்: பாதுகாப்பு.

“மேலே இருப்பதையே எழுதுங்கள்,” என்றார்.

எழுதினேன். சொல் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மதாம் தாளை வாங்கி ஒரு தடவை வாசித்தார். பிறகு மடியிலிருந்த கொந்த்ராவை எடுத்து நீட்டினார்.